மீன்பெட்டிக்குள் முப்பத்தொரு டிகிரி

எண்பத்தாறாம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கேரித் தீவில் தொடங்கியது இது. பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்துவிட்டு, முடிவு வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். என் தொல்லை தாங்காமல், அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வா என்று அம்மா தீவுக்கு அனுப்பி வைத்தார். அத்தான் அங்கே செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

நான் போன மறுநாள் காலை, வடிகால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மலைப்பாம்பைக் கண்டார்கள். சாய்ந்து கிடந்த பழைய மரத்தின் அடியில், தன் முட்டைகளைச் சுற்றி வளையம் வளையமாகப் படுத்திருந்ததாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோழிகள் காணாமல்போன கோபமெல்லாம் சேர்ந்துகொள்ள, நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். இனி முட்டைகளை என்ன செய்வது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். ஆம்லெட் போட்டால் ஒரு குடும்பமே சாப்பிடலாம் என்றார் இன்னொருவர். எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்டதும் எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் இந்தப் பக்கமே வரல" என்றார்.

வாத்து முட்டையைவிடப் பெரியவை. ஓடு கெட்டியாக இல்லை. தோல் மாதிரி, லேசாக அமுங்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாக இருந்தன. பள்ளி நூலகத்தில் ஊர்வன பற்றி இருந்த ஒரே புத்தகத்தை நான் இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்திருந்தேன். அதனால் ஒன்று தெரியும். கோழி முட்டையை அடிக்கடி திருப்பி வைக்க வேண்டும்; பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது. உள்ளே கரு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைகீழானால் செத்துவிடும். ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஈரமான தேங்காய் நார் பரப்பிய பிளாஸ்டிக் பேசினில் கொத்தை அப்படியே இறக்கி, அக்காவின் பழைய கைலியால் மூடிக்கொண்டு கிள்ளானில் பஸ் ஏறினேன்.

மடியில் பேசினை வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டக்டர் கவனித்துவிட்டார். கிறிஸ்துமஸ் கேக்கா தங்கச்சி என்று கேட்டார். முட்டை அண்ணே என்றேன். நாட்டுக்கோழி முட்டையா என்றார். இல்லை, காட்டில் உள்ளது என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, இறங்கும்போது டிரைவரிடம் சொல்லி பஸ்ஸை மெதுவாக நிறுத்தச் சொன்னார்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஏவாளைக் கெடுத்த சைத்தானைப் பேசின் நிறையச் சுமந்து வந்துவிட்டேன் என்று அம்மா ஒரு மூச்சு அழுதார். பின்பக்கம் விறகும் பழைய சாமானும் போட்டுவைக்கும் அறையைத்தவிர வேறெங்கும் அது வரக்கூடாது, அவரும் அந்த அறைக்குள் வரமாட்டார் என்று முடிவானது. அன்று மாலையே, மாதா பாம்பின் தலையை மிதித்தபடி நிற்கும் படத்தை அப்பாவைக் கொண்டு அந்த அறையில், சரியாக முட்டைகளுக்கு மேலே மாட்டவைத்தார்.

அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை. அவருக்கும் எனக்கும் வேறொரு வழக்கு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. முடிவு வந்ததும் நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்க மனுப் போட வேண்டும் என்றேன். அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்றார். பொம்பளைப் பிள்ளை பாம்பும் பல்லியும் படித்துவிட்டு யாரிடம் போய் வேலை கேட்கும் என்பது அவர் கட்சி. மாதாவை மாட்டி முடித்துவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே பேசினைக் குனிந்து பார்த்தார்.

"சரி. மொதல்ல இது பொரிக்கட்டும். அப்புறம் உன் விலங்கியலப் பத்திப் பேசுவோம்."

பேச்சை முடிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் நான் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு குஞ்சாவது வெளியே வந்தால் அப்பா பேசியாக வேண்டும். வரவில்லையென்றால் பயிற்சிக் கல்லூரிதான்.

வேலையைத் தொடங்கினேன். "இந்த ஊரு வெயிலுக்குச் சூடு வேற காட்டணுமா" என்று கேட்காதவர் கிடையாது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த அறைக்குத் தகரக் கூரை. மத்தியானம் உள்ளே நின்றால் தலை வெந்துவிடும். சாயங்காலம் மழை அடித்தால் சட்டென்று குளிர்ந்துவிடும். முட்டைக்கு முப்பத்தொரு டிகிரி வேண்டும். அதுவும் இரவும் பகலும், இரண்டு மாதத்துக்கு மேல். ரொம்பக் குறைந்தால் கரு வளராது. வளர்ந்தாலும் கோணலாக வளரும். கூடினால் இன்னும் மோசம், உள்ளேயே வெந்துவிடும். மலைப்பாம்பு அதனால்தான் முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொள்கிறது. குளிர் வந்தால் தன் உடம்பைத் தானே விட்டு விட்டு நடுக்கி, அந்தச் சூட்டை முட்டைகளுக்குக் கொடுக்கிறது. அதுவரை சாப்பிடவும் போகாது. இதை நான் அம்மாவிடம் ஒருநாள் ஆர்வமாகச் சொன்னேன். அவர் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பசாரில் மீன்காரர் தூக்கிப் போடவிருந்த வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, நாற்றம் போகும்வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். ஒரு பல்பை உள்ளே தொங்கவிட்டேன். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அண்ணன் முள் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் தந்தார். முதல் இரண்டு நாள் நான் தூங்கினேனா என்று எனக்கே நினைவில்லை. பல்பு எரிந்தால் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. எவ்வளவு என்று பார்க்க மூடியைத் திறந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்குகிறது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

புடு பக்கம் அலங்கார மீன் விற்கும் சீன இளைஞர் ஒருவர்தான் எனக்குக் கை கொடுத்தார். காற்றைச் சூடாக்காதே, தண்ணீரைச் சூடாக்கு என்று மலாயில் சொன்னார். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும், உன்னைப்போல அவசரப்படாது என்று சொல்லிச் சிரித்தார். மீன்தொட்டிக்குள் போடும் ஹீட்டர் ஒன்று, சூடு போதுமென்றால் தானே அணைந்துகொள்ளும் வகை, அவரிடம் பழையது இருந்தது. பெட்டியின் அடியில் தண்ணீர், தண்ணீருக்குள் ஹீட்டர், நடுவில் நிற்கவைத்த செங்கற்கள், செங்கல்லின் மேல் முட்டைப் பேசின். முள் முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது. அன்று மாலை நின்றது. மறுநாள் காலையும் அங்கேயே நின்றது. நான் குதித்த குதியில் அம்மா சமையலறையிலிருந்து இயேசு மரி சூசை என்று கூப்பிட்டார்.

ஜனவரியில் கிள்ளானில் ஒரு தொடக்கப்பள்ளியில் எனக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. அப்பாவுக்குப் பரம சந்தோஷம். பழகிக்கொள் என்றார். காலையில் பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் வீடு. பகலெல்லாம் பெட்டியைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. பார்க்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் முப்பத்துமூன்று. பயந்துபோய்ச் சன்னலைத் திறந்துவைத்து விசிறினேன். சனிக்கிழமை சரியாகிவிட்டது. அடுத்த வாரம் நான்கு நாளும் ஒழுங்கு. வெள்ளிக்கிழமை மறுபடியும் முப்பத்துமூன்றைத் தாண்டி நின்றது. ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டு புடுவுக்கு ஓடினேன். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஹீட்டருக்கு வெள்ளிக்கிழமை எது, திங்கட்கிழமை எது என்று தெரியாது, உன் வீட்டில்தான் யாருக்கோ தெரிந்திருக்கிறது என்றார்.

அடுத்த வெள்ளி பள்ளியில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்தேன். பின்வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. அறைக்குள் எதிர்வீட்டு அக்காவும், அந்த வரிசைப் பெண்கள் ஆறேழு பேரும். எதிர்வீட்டு அக்காவின் கணவரும் அப்பாவைப் போல ரயில்வேதான். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் புற்றுக்குப் பால் ஊற்றியே ஆக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் புற்றுக்கு எங்கே போவது? நாகம்மாவே எதிர்வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும்போது வேறெங்கே போவது என்று அவர் முடிவுசெய்துவிட்டார். பெட்டியின் மேல் மஞ்சள் துணி. துணியின் மேல் செம்பருத்திப் பூ. சுற்றிலும் ஐந்து நெய்விளக்கு. விளக்கு அணையக்கூடாதென்று சன்னலும் சாத்தியிருந்தது. சாம்பிராணிப் புகையில் மாதா படம் கண்ணுக்கே தெரியவில்லை. மாதாவுக்கும் ஒரு பூ வைத்திருந்தார்கள். அம்மா வெளியே, வாசற்படிக்கு அந்தப் பக்கம், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். பூவோடு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று என்னைப் பார்த்து முணுமுணுத்தார்.

தகரக் கூரை, மத்தியான வெயில், சாத்திய சன்னல், ஐந்து விளக்கு, ஏழெட்டுப் பேரின் மூச்சு. அடுப்புக்கும் அந்த அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹீட்டருக்குச் சூடு கொடுக்கத்தான் தெரியும். எடுக்கத் தெரியாது. அறையே கொதித்தால் அது என்ன செய்யும்?

கத்திவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா, "வாம்மா, வா. உன் பிள்ளைங்களுக்குத்தான் செய்யிறோம், நல்லபடியா வரணும்னு" என்று என் நெற்றியில் விபூதியை இழுத்துவிட்டார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் போய்விட்டது. தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டி, இது காய்ச்சல் அக்கா, வெள்ளிக்கிழமைதோறும் இதற்குக் காய்ச்சல் வருகிறது என்று விளக்கினேன். காய்ச்சல் என்ற சொல் எல்லாருக்கும் புரிந்தது. ஐந்து நிமிடத்தில் விளக்குகள் பின்வாசற்படிக்குப் போயின, சன்னல் திறந்தது. நாகம்மாவைப் பார்க்காமல் எப்படிப் பால் வைப்பது என்று ஒருவர் கேட்டதற்காக, மூடியில் சதுரமாக வெட்டி ஒரு கண்ணாடித் துண்டு பதித்தேன். தெர்மாமீட்டரைக் கண்ணாடிக்கு அடியில் சாய்த்துவைத்தேன். அதன்பிறகு யாரும் மூடியைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதிகம் திறந்துகொண்டிருந்தது நான்தான். அந்தக் கண்ணாடி எனக்குத்தான் பெரிய உபகாரம்.

இதற்கிடையில் நான்கு முட்டைகள் மஞ்சளாகிப் பூசணம் பிடித்துச் சுருங்கிவிட்டன. அவற்றை எடுத்துப் புதைத்தேன். மற்றவற்றில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் தெரியும். அதைப் பார்த்த அன்று பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்குப் பதிலாகப் பாம்பு முட்டைதான் பாடம்.

பிப்ரவரிக் கடைசியில், நான் கிள்ளானில் வகுப்பில் இருந்தபோது, வானம் கறுத்துப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆசிரியர் அறையில் விளக்கு போய்விட்டது. வீட்டுக்குப் போகும் பாதையெல்லாம் வெள்ளம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஏறின பஸ் பாதி வழியில் மற்ற வண்டிகளோடு அசையாமல் நின்றுவிட்டது. சன்னல் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்தபடி என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் கரண்டு போயிருக்குமா? போயிருந்தால் தண்ணீர் எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்? குஞ்சு வர இன்னும் இரண்டு மூன்று வாரம்தான். இந்த நிலையில் குளிர்ந்தால் தாங்காது என்று அந்தப் புத்தகத்தில் படித்திருந்தேன். வீட்டில் தொலைபேசி கிடையாது. அப்பா வேலையில். அம்மா அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டார். பக்கத்து இருக்கைக்காரர் என்னம்மா அழுகிறாய் என்று கேட்டபோதுதான் அழுகிறேன் என்பதே தெரிந்தது. பரீட்சையில் தோற்றுவிட்டேன் அங்கிள் என்று ஏதோ சொன்னேன். எனக்கு அப்படித்தான் இருந்தது.

கடைசித் தூரத்தை முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க இருட்டு. மரம் ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்து, மத்தியானத்திலிருந்தே கரண்டு இல்லையாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடி அறைக் கதவைத் திறந்தேன்.

"கதவச் சாத்து. காத்து வருது" என்றது அம்மாவின் குரல்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்கு அவருடைய கம்பளியைச் சுற்றி, அதற்கு மேல் அப்பாவின் மழைக்கோட்டையும் போர்த்தியிருந்தார். கையில் டார்ச். எதிரே எதிர்வீட்டு அக்கா கெட்டிலோடு. சுவர் ஓரமாக ஸ்குவாஷ் போத்தல்களும் பிளாஸ்க்குகளும் வரிசையாக நின்றன. அந்த வரிசை வீடுகளில் இருந்த பிளாஸ்க் எல்லாம் அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன். அறையைக் கொதிக்கவைக்கும் காஸ் அடுப்பு மூலையில் இருக்கக்கூடாதே என்று பார்த்தேன். அது பின்வாசற்படிக்கு வெளியே, குடைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவும்மா?" என்றேன்.

"முப்பதர. நடுவுல ஒருவாட்டி இருபத்தொம்பதுக்குப் போச்சு. அதுக்குக் கீழ விடல."

எதிர்வீட்டு அக்காதான் நடந்ததைச் சொன்னார். விளக்கு போனதும் அம்மாவே அவர் வீட்டுக் கதவைத் தட்டினாராம். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி, மூடியை ஒரு ஓரமாகத் தூக்கி உள்ளே இறக்கி உடனே மூட வேண்டும். ஆறிப்போனதை எடுக்க வேண்டும். முதல் போத்தலுக்கு அக்கா முழங்கையால் தொட்டுப் பார்த்து, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு, சரியாக இருக்கிறது என்றிருக்கிறார். அதுபோல நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. போத்தல் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் முள் கிடுகிடுவென்று ஏறி முப்பத்துமூன்றைத் தொட்டதாம்.

"ஒடனே உங்கம்மா கைய உள்ள விட்டுப் புடுங்கி வெளிய போட்டாங்க பாரு. என்னை ஒரு திட்டு. ஒன் முழங்கையும் நீயும், இதுல எழுதியிருக்கிறதப் பாருன்னு" என்று அக்கா சிரித்தார். "பாம்பு முட்டை மேல கை பட்டுச்சு. அதையும் கவனிக்கல."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணாடி வழியாகத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நான் முப்பத்தொன்று முப்பத்தொன்று என்று வீடு முழுக்கப் புலம்பியதெல்லாம் காதில் விழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களா கையை உள்ளே விட்டீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குப் பாம்பு வேணாம்டி. இன்னிக்கும் வேணாம்" என்றார். "ஆனா இது செத்துப்போச்சுன்னா உங்கப்பாவுக்கு வசதியாப் போயிடும். அதான் பொரிக்கலியே, டீச்சர் காலேஜுக்குப் போன்னுவாரு. நீ போகணும். நீ யூனிவர்சிட்டி போகணும்னா இது பொரிக்கணும். உட்காரு லா, டார்ச்சப் பிடி. கை வலிக்குது."

நான் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தேன். அதுவரை இந்த வழக்கில் அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா பேசும்போதெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருப்பார், அல்லது ஏதாவது கழுவிக்கொண்டிருப்பார். அப்பா பக்கம் என்றுதான் நான் அவரைக் கணக்கு வைத்திருந்தேன். கரண்டு வரும்வரை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் போத்தல் போட்டோம். அக்கா நடுநடுவே நாகம்மா, நாகம்மா என்றார். அம்மா அதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை.

அதன்பிறகு காத்திருப்பு. உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. டார்ச் அடித்தால் இப்போது கறுப்பாகத்தான் தெரிந்தது. குஞ்சு பெரிதாகிவிட்டதாலும் கறுப்பாக இருக்கலாம், செத்துவிட்டதாலும் இருக்கலாம். வெட்டிப் பார்த்துவிடலாமா என்று ஒருநாள் பிளேடைக் கையில் எடுத்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தார். வைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குக் கிளம்பி எல்லாரும் தயார். அப்பா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். அம்மா தலையில் முக்காட்டோடு பின்பக்கம் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை.

"ஏய், இங்க வா. ஒண்ணு எட்டிப் பாக்குது."

ஓரத்து முட்டையில் பிளேடால் கீறினது போல ஒரு கீறல். அதில் ஒரு தலை, கட்டைவிரல் நகம் அளவு, ஈரமாக, பளபளவென்று. கண் திறந்திருந்தது. எங்கள் மூன்று பேரையும் அது பார்த்தது. அவசரமே இல்லை. வெளியே வரலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல அப்படியே இருந்தது. நாக்கை ஒருமுறை நீட்டி எங்கள் வீட்டுக் காற்றை ருசி பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த முட்டையிலும் ஒரு கோடு விழுந்தது.

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேரமாச்சு, பூசைக்குக் கிளம்புங்க என்றார்.

அம்மா நகரவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"பூச சாயங்காலமும் இருக்கு. பொரிச்சா பேசுவோம்னு சொன்னீங்கல்ல. பேசுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்: "அந்தப் படிப்பு எத்தன வருஷம்?"

எல்லா முட்டையும் பொரிக்கவில்லை. சிலவற்றில் குஞ்சு முழுதாக வளர்ந்தும் வெளியே வராமல் செத்திருந்தது. வெள்ளிக்கிழமைக் காய்ச்சலா, அந்த மழை நாளா, நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததா, எது காரணம் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. பிழைத்தவை பதினொன்று. ஒவ்வொன்றும் என் முழுக்கை நீளம். பிடித்தால் கொத்தத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா கடைசி வெள்ளிக்கிழமைக்கு ஒரு சட்டி பால்சோறு செய்து கொண்டுவந்தார். பாம்பு அதைச் சாப்பிடாது என்று சொன்னேன். யார் பாம்புக்குச் செய்தது, உங்களுக்குத்தான் என்றார். அவை முதல் முறை தோல் உரித்ததும் துணிப்பைகளில் போட்டுக் கேரித் தீவுக்கு எடுத்துப் போனோம். செம்பனையில் எலித் தொல்லை அதிகம், வரட்டும் என்று அத்தான் தோட்டத்தில் பேசி வைத்திருந்தார். லயத்துக்கு வெகு தூரம் தள்ளி, வடிகால் ஓரத்தில் பைகளை அவிழ்த்தேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது நான் விலங்கியல் இறுதி ஆண்டு. எங்கள் ஆய்வகத்தில் ஆள் உயர இன்குபேட்டர் இருக்கிறது. எண்ணைத் திருப்பி வைத்துவிட்டால் போதும், முள் வாரக்கணக்கில் அசையாது. நல்ல இயந்திரம் என்று தோழிகள் சொல்வார்கள். நானும் ஆமாம் என்பேன். ஆனால் எங்காவது ஒரு சூடு ஏறாமல் இறங்காமல் நிற்பதைப் பார்த்தால், தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்றின் பக்கத்தில், இன்னொருவருக்காக யாரோ எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் என் மனதுக்குப் படுகிறது.